ஹாம்ப்ஸ்டெட் சுரங்கத்தில் பிறந்த துகள்

லண்டனின் வடக்கே ஹாம்ப்ஸ்டெட் மேட்டுக்கு அடியில், தரையிலிருந்து 58 மீட்டருக்கும் கீழே, நார்தர்ன் தடத்தின் ரயில் ஒன்று நிலையத்தை நெருங்கி வேகம் குறைக்கிறது. சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடம் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக இராது. அந்த நகத்தளவு இடத்தின் மேல் சில டன் எடை இறங்குகிறது. வளைவு வந்தால் பாடு இன்னும் அதிகம். வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் போயாக வேண்டும். ஆனால் இரு பக்கச் சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை, ஆளுக்கொரு வேகத்தில் உருள வழியில்லை. சக்கரத்தின் ஓரத்தைக் கூம்பாகச் சாய்த்து இதைச் சமாளிக்கிறார்கள். கடும் வளைவில் அந்த ஏற்பாடு போதாமல், சக்கரம் வழுக்கித் தேய்த்துக்கொண்டே நகர்கிறது. சுரங்க ரயிலில் காதைத் துளைக்கும் கீச்சொலி வருகிறதே, அது இந்தத் தேய்மானத்தின் சத்தம். அப்போது எஃகிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில் ஒன்று பிய்ந்து காற்றில் ஏறுகிறது.

அதற்கு உடன்பிறப்புகள் ஏராளம். பிரேக் கட்டை சக்கரத்தை அழுத்தும்போது சில பிறக்கும். லண்டன் சுரங்க ரயிலுக்குத் தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. ஓடும் தண்டவாளங்கள் இரண்டு போக, மின்சாரத்துக்கென்றே இன்னும் இரண்டு தண்டவாளங்கள் கீழே படுத்திருக்கின்றன. அவற்றின் மேல் உரசியபடியே வந்து மின்சாரம் எடுக்கும் உலோகக் காலணியும் தன் பங்குக்குத் தேய்கிறது. ஆந்தனி சீட்டனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லண்டன் சுரங்கத் தூசியின் எடையில் ஏறத்தாழ 67 சதவீதம் இரும்பு ஆக்சைடு. குவார்ட்ஸ் ஒன்றிரண்டு சதவீதம். வேறு சில உலோகங்கள் துளித்துளியாக. தெருவிலிருந்து புகை இறங்கி வந்து சுரங்கத்தைக் கெடுப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கீழே இருக்கும் தூசியில் பெரும்பகுதியை ரயில்தான் ஓட ஓட உண்டாக்குகிறது.

நம் துகள் பிறந்தாயிற்று. இனி அது எங்கே போகும்?

ஆழத்தில் ஓடும் இந்தத் தடங்களின் சுரங்கம் வெறும் குழாய்தான்; குறுக்களவு மூன்றரை மீட்டர் சொச்சம். லண்டன்காரர்கள் அதை ‘டியூப்’ என்றே அழைக்கிறார்கள். ரயில் அந்தக் குழாயை ஏறக்குறைய முழுவதுமாக அடைத்துக்கொண்டு ஓடுகிறது. முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளுகிறது, பின்னால் இருப்பதை இழுக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்பவரின் முகத்தில், விளக்கு வெளிச்சம் தெரிவதற்கு முன்பே வெதுவெதுப்பான காற்று ஒன்று அடிக்கும். அந்தக் காற்றில்தான் துகள் பயணம் செய்கிறது. ரயில் நின்றதும் மெல்லக் கேபிள்களின் மேலும் சுவர்களின் மடிப்புகளிலும் படிகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் அடுத்த ரயில் வந்து மறுபடி எழுப்புகிறது. வெளியேற வழி என்று பார்த்தால் அங்கங்கே காற்றுப்போக்கிகளும் படிக்கட்டும் மட்டுமே.

இந்தச் சுரங்கங்களைத் தோண்டியவர்கள் காற்றை அறவே மறந்தார்கள் என்று சொல்வது நியாயமில்லை. 1863 ஜனவரியில் பேடிங்டனிலிருந்து ஃபேரிங்டனுக்கு உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியபோது அதை இழுத்தது நீராவி எஞ்சின். புகையும் கந்தகமும் பயணிகளைத் திணறடித்தன. புகார்கள் முற்றி, 1897-இல் ஒரு குழு உட்கார்ந்து விசாரிக்கும் அளவுக்குப் போயிற்று. அதற்குள் 1890-லேயே ஆழ்சுரங்கத்தில் மின்சார ரயில் வந்துவிட்டது. புகை போயிற்று, கண் எரிச்சல் போயிற்று. காற்றுப் பிரச்சினை தீர்ந்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மின்சாரத்துக்குப் புகை இல்லை, ஆனால் சக்கரத்துக்குத் தேய்மானம் உண்டு என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. 1968-இல் திறந்த விக்டோரியா தடத்தில் நிலையங்களைச் சற்று மேடாகக் கட்டினார்கள். நிலையத்துக்குள் ஏறும்போது ரயிலின் வேகம் தானாகக் குறையும், புறப்படும்போது இறக்கம் கைகொடுக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை, பிரேக்கின் தேய்மானத்தையும் குறைத்தது. நல்ல பொறியியல் அது. ஆனால் பயணிகள் ரயில் ஓடும் நீளம் முழுக்க அந்தத் தடம் மண்ணுக்கு அடியில். திறந்த வெளியைப் பார்ப்பது பணிமனையில் மட்டும். தூசி வெளியே போக இடமில்லை.

அடைபட்டுக் கிடக்கும் துகளுக்கு வயதாகிறது. பிறந்தபோது அது கிட்டத்தட்டச் சுத்த இரும்பு. காற்றில் கிடக்கக் கிடக்க ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மேக்னடைட்டாகிறது, மேலும் நாள் போனால் மேக்கமைட் என்ற வேறொரு ஆக்சைடாகிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹசன் ஷேக்கும் சக ஆய்வாளர்களும் பிளாட்பாரம், டிக்கெட் கூடம், ஓட்டுநர் அறை ஆகிய இடங்களில் திரட்டிய தூசியைக் காந்தப் பண்புகளை வைத்துச் சோதித்து 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மேக்கமைட் நிறைய இருந்தது. புதிதாகத் தேய்ந்த இரும்பு இந்த நிலைக்கு வரக் காலம் பிடிக்கும். ஆகவே இந்தத் துகள்கள் நெடுநாளாகச் சுரங்கத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன என்று அவர்கள் கணித்தார்கள். துகள்களின் அளவு 5 முதல் 500 நானோமீட்டர். அவற்றில் பல, வழக்கமான காற்றுக் கருவிகளின் கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை. ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய கொத்தாகத் திரிகின்றன.

ராத்திரி கடைசி ரயில் போனபின் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். விடிவதற்குள் இருக்கும் சில மணி நேரம்தான் சுரங்கத்துக்கு ஓய்வு. அப்போது தலைவிளக்கும் துடைப்பமும் சுரண்டியும் பையுமாகத் துப்புரவுப் பணியாளர்கள் தடத்தில் இறங்குகிறார்கள். லண்டனில் இவர்களுக்கு ‘ஃப்ளஃபர்’ என்று பெயர்; பல பத்தாண்டுகளாகப் பெரும்பாலும் பெண்கள் செய்துவந்த வேலை. பயணிகள் உதிர்த்த தலைமுடி, துணிநூல், தோல்பொடி எல்லாம் இரும்புத் தூசியோடு சேர்ந்து கறுத்த பஞ்சாகி, மின் தண்டவாளத்தைத் தாங்கும் பீங்கான்களைச் சுற்றிக்கொள்கிறது. குனிந்து உட்கார்ந்து, கையால் பிய்த்து, பையில் போட்டு, அடுத்ததற்கு நகர வேண்டும். இந்தப் பஞ்சு தீப்பிடிக்கும். 1987 நவம்பரில் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் மர எஸ்கலேட்டருக்கு அடியில் சேர்ந்திருந்த கிரீஸும் இழைக் குப்பையும் பற்றியதில் 31 பேர் இறந்தார்கள். அந்த ஆபத்து எல்லோருக்கும் தெரியும். அதே கறுப்புப் பஞ்சை இரவெல்லாம் கிளறும் அந்தப் பெண்ணின் மூச்சுக்குள் என்ன போகிறது என்ற கேள்வி வெகுகாலம் பின்வரிசையில்தான் இருந்தது.

மூச்சுதான் நம் துகளின் கடைசி வழி. பெரிய துகள் மூக்கிலேயே சிக்கிக்கொள்ளும்; டியூபில் போய்வந்தவர் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் தெரியும் கறுப்பு அதுதான். இரண்டரை மைக்ரோமீட்டருக்குக் குறைவானது மூச்சுக்குழலைத் தாண்டி நுரையீரலின் காற்றுப்பை வரை போய்விடும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்றால் அளவு விளங்கும். அங்கே மாக்ரோபேஜ் என்னும் காவல் செல் அதை விழுங்குகிறது. விழுங்கலாம், ஆனால் இரும்பைச் செரிக்க அதற்கு நாளாகும். இரும்புப் புகையில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த வெல்டர்களின் நுரையீரலில் இரும்பு படிந்து எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரிவதுண்டு. அவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் பிரிட்டனில் அதற்கான தடுப்பூசியைப் பரிந்துரைக்கிறார்கள்.

எவ்வளவு தூசி? பிரிட்டன் அரசுக்கு ஆலோசனை சொல்லும் மருத்துவ நிபுணர் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஹாம்ப்ஸ்டெட் பிளாட்பாரத்தில் நுண்துகள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 492 மைக்ரோகிராம். மேலே லண்டன் சாலையோரத்தில் 16. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் ஒரு நாளுக்கு வைத்த வரம்பு 15.

இந்த எண்ணைக் கேட்டுப் பதறுவதற்கு முன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு கனமானது. எடை போட்டால் எண் ஏறும். துகள்களை எண்ணிப் பார்த்தால் சுரங்கத்துக்கும் தெருவுக்கும் அவ்வளவு வித்தியாசமில்லை என்பது சீட்டன் குழுவின் வாதம். சில நிமிடம் போய்வரும் பயணி அஞ்ச வேண்டியதில்லை என்றார்கள். ஸ்டாக்ஹோம் சுரங்கத் தூசி, சோதனைக்கூடத்தில் நுரையீரல் செல்களின் மரபணுவைத் தெருத் தூசியைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு சேதப்படுத்தியதாக 2005-இல் ஒரு ஆய்வு காட்டியது. அதே ஊரின் சுரங்க ரயில் ஓட்டுநர்களிடம் மாரடைப்பு கூடுதலாக இல்லை என்று இன்னொரு ஆய்வு சொன்னது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லையும் ஆயுள் முழுக்க உழைத்த மனிதரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. 2019 அறிக்கையும் அடக்கமாகவே பேசுகிறது: ஓரளவு பாதிப்பு இருக்கக்கூடும், அளவு தெரியவில்லை, தூசியைக் குறைப்பது நல்லது.

எனக்கு உறுத்துவது வேறு. மேலே தெருக் காற்றுக்குச் சட்ட வரம்பு உண்டு. படிக்கட்டில் இறங்கியதும் அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. கீழே பொருந்துவது தொழிலிட விதி. மூச்சில் நுரையீரலை எட்டும் பொதுவான தூசிக்கு எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம் வரை அது அனுமதிக்கிறது. உடல் திடமான தொழிலாளியை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. பிளாட்பாரத்தில் கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கும் ஆஸ்துமா உள்ள மாணவனுக்கும் அதே அளவுகோல் எப்படிப் பொருந்தும்?

செய்ய முடியாத காரியமும் இல்லை. தென் கொரியா தன் உள்ளரங்கக் காற்றுச் சட்டத்திலேயே சுரங்க ரயில் நிலையங்களைச் சேர்த்து, துகளுக்கு வரம்பு வைத்திருக்கிறது. 2022-இல் திறந்த லண்டனின் எலிசபெத் தடத்து மத்தியச் சுரங்க நிலையங்களில் தரை முதல் மேல் வரை கண்ணாடிக் கதவுகள் பிளாட்பாரத்தைச் சுரங்கத்திலிருந்து பிரிக்கின்றன. சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களிலும் தடுப்புக் கதவுகள் உண்டு. ஆனால் கதவு பிளாட்பாரத்தில் நிற்பவரைக் காக்கும். தூசி சுரங்கத்திலேயே தங்கும், ரயிலுக்குள்ளும் வரும். ஓட்டுநரும் இரவுத் துப்புரவாளரும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் குழு சொன்னபடி துகள்கள் காந்தத்துக்குக் கட்டுப்படும். காந்தத்தால் ஈர்த்துச் சுத்தம் செய்யலாம். தண்டவாளத்தைச் சீராக வைத்தால் தேய்மானம் குறையும். மின்சார பிரேக்கைக் கூடுதலாகப் பயன்படுத்தினால் கட்டை தேய்வது குறையும். நான் கேட்பது இவ்வளவுதான்: சுரங்க ரயில் ஓடும் ஒவ்வொரு நகரமும் பிளாட்பாரத்திலும் ஓட்டுநர் அறையிலும் இருக்கும் துகள் அளவை அன்றாடம் பொதுமக்களுக்குச் சொல்லட்டும், பயணிக்கென்று தனி வரம்பு வைக்கட்டும், சுத்தம் செய்யும் செலவை இரவில் தடத்தில் இறங்குபவர்களின் முகக்கவசத்திலிருந்தும் நுரையீரல் பரிசோதனையிலிருந்தும் தொடங்கட்டும்.