இராமர் காசும் கும்பினிக் காசும்

பழம்பொருள் கடைகளில் மொத்தமாக விற்கப்படும் காசுக் குவியல்களுள் ஒருவகைச் செப்புக் காசு கிடைப்பதுண்டு. ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன். மறுபுறம் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயர், 'ஓர் அணா' என்னும் மதிப்பு, 1818 என்னும் ஆண்டு. இதனைக் கும்பினியாரின் அரிய நாணயமெனக் கருதிப் பெரும்பொருள் கொடுப்போர் உளர்.

அதன் உண்மையைக் காசே உரைத்துவிடும். இந்தியாவில் ஓரணா நாணயம் புழக்கத்திற்கு வந்தது ஏழாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், 1907-ஆம் ஆண்டில். கும்பினி ஆட்சியோ 1858-ஆம் ஆண்டிலேயே முடிவுற்றது. ஆதலின் 1818-இல் கும்பினியார் ஓரணா நாணயம் வெளியிட்டிருத்தல் இயலாது. இவை பிற்காலத்தில் வார்க்கப்பட்ட வில்லைகளே.

எனினும், தெய்வ உருவம் தாங்கிய கும்பினி நாணயங்களும் மெய்யாகவே இருந்தன. 1808-ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் அச்சிடப்பட்ட வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் கோயிற் கோபுரமும் மறுபுறம் திருமாலும் விளங்குகின்றனர். தமிழ் எழுத்துகளும் உள்ளன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்கெனக் கும்பினியார் 1845-ஆம் ஆண்டிட்டு வெளியிட்ட செப்புக் காசுகளிலோ விக்டோரியா மகாராணியின் திருவுருவமே காணப்படும்.

வட இந்தியாவில் 'இராமடங்கா' எனப்படும் வில்லைகளைப் பூசையில் வைத்து வணங்கும் மரபு நெடுநாளையது. அவை பணமாகப் புழங்கியவை அல்ல. முன்னோர் பெட்டியில் இராமர் காசு இருப்பின் பூசையறையில் வைத்து வணங்குதல் தகும். அது அரிசியை ஈர்க்கும், செல்வத்தைப் பெருக்கும் என்று கூறி விற்போரிடம் சேமிப்பை இழத்தல் தகாது. வணக்கத்திற்குரியது இறைவன் திருவுருவமே. பொய்யான ஆண்டு அதற்குப் பெருமை சேர்ப்பதில்லை.