ஏரிக்காரர்களின் கணக்கு

புதுச்சேரிப் பகுதியின் பாகூரில் யாராவது மனைப்பிரிவுக்குக் கல் நட்டால், என் அப்பா முதலில் கேட்பது நிலம் யாருடையது என்றல்ல. தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஆயிரம் வயதுக்கு மேல். 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, மூன்று ஊர்களின் வருவாயை இங்கிருந்த கல்விச்சாலைக்கு எழுதிக்கொடுத்தது. அந்த வருவாய் விளைச்சலிலிருந்து வந்தது; விளைச்சலுக்கு ஏரி வேண்டும்.

பாகூர் ஏரிக்குப் பங்காரு வாய்க்கால் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. வாய்க்காலில் ஒரு சுவர் எழுந்தால் கடைமடைக்காரனின் நாற்று காயும். கலிங்கலை அடைத்தால் கார்த்திகை மழையில் ஊருக்குள் வெள்ளம் வரும். கட்டுபவர் மனையை விற்றுவிட்டுப் போய்விடுவார். வெள்ளமும் வறட்சியும் எங்களோடு தங்கும்.

வில்லியனூர் பக்கம் கதை வேறு. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005இல் வந்ததும், சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் நூற்றுக்கணக்கான ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. மண்டலம் எழவில்லை; நிலம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்தது. நிலம் கொடுத்தவர்களுக்கு உழவும் இல்லை, சொன்ன வேலையும் இல்லை. அதே வில்லியனூர் கொம்யூனில் ஊசுட்டேரி 2008இல் பறவைகள் சரணாலயமானது. ஒன்று காப்பாற்றப்பட்டது, ஒன்று காத்துக் கிடந்தது.

புதுச்சேரிப் பகுதி முழுவதுமே 300 சதுர கிலோமீட்டருக்குள்தான். இங்கே விட்டுக்கொடுத்த வயலுக்கு மாற்று வயல் கிடையாது. திட்டம் என்றதும் ஊர் முறைப்பதை வளர்ச்சிக்கு விரோதம் என்பார்கள். திட்டக்காரர்கள் முதலில் வாய்க்கால் வரைபடத்தைக் காட்டட்டும், வேலைக்கு எழுத்தில் உறுதி தரட்டும். பேச உட்கார நாங்கள் தயார்.