வங்கி அடையாளக் குறியீடு

நாடு விட்டு நாடு போகும் பணம் எந்த வங்கிக்கு உரியது என்பதைச் சுட்டும் 8 அல்லது 11 எழுத்துத் தொடர். வங்கிகளில் ‘ஸ்விஃப்ட் கோடு’ என்றால்தான் புரியும். முதல் 4 எழுத்து வங்கியையும், அடுத்த 2 நாட்டையும், அதற்கடுத்த 2 இடத்தையும் குறிக்கும். கடைசி 3 எழுத்து சேர்ந்தால் கிளை.

எழுத்துகளால் ஒரு நிதி நிறுவனத்தை அடையாளம் காண்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பர்மா, இலங்கை, மலாயாவில் லேவாதேவி செய்த நகரத்தார், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘விலாசம்’ வைத்துக்கொண்டார்கள். ‘உண்டியல்’ எனப்பட்ட பணமாற்றுச் சீட்டில் அந்த விலாசத்துக்குத்தான் மதிப்பு. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் பெயருக்கு முன்னால் நிற்பதும் அத்தகைய விலாசமே.

பிறகு தந்தியும் டெலக்ஸும் வந்தன. ஒவ்வொரு செய்தியும் உண்மையானதா என்று அறிய, தேதி, தொகை, நாணயம் ஆகியவற்றிலிருந்து ஒரு ரகசிய எண்ணை ஊழியர்கள் கையால் கணக்கிட்டார்கள். இந்தச் சிரமத்தைத் தீர்க்க 1973இல் 15 நாடுகளின் 239 வங்கிகள் கூடி பெல்ஜியத்தில் ஸ்விஃப்ட் அமைப்பை நிறுவின. 1977இல் செய்திகள் ஓடத் தொடங்கின. இந்தியா 1991இல் சேர்ந்தது. ஸ்விஃப்ட் பணத்தைச் சுமப்பதில்லை, செய்தியை மட்டுமே சுமக்கிறது. வங்கிகள் ஒன்றிடம் ஒன்று வைத்திருக்கும் கணக்குகளில்தான் பணம் கைமாறுகிறது.

இந்தியாவில் குழப்பம், உள்நாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான கிளைக் குறியீடான ஐஎஃப்எஸ்சியால் வருகிறது. அதுவும் 11 எழுத்துதான். ஆனால் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம் நிற்கும், உள்நாட்டுக்கு மட்டுமே செல்லும். கொள்ளிடத்தின் வடகரையில், அரியலூர் மாவட்டத்துத் திருமானூரில் இருக்கும் கிளைக்கு ஐஎஃப்எஸ்சி உண்டு. அந்நியச் செலாவணி பார்க்காத கிளையானால் தனி ஸ்விஃப்ட் கோடு இருக்காது. பாஸ்புக்கில் தேடிப் பயனில்லை. வெளிநாட்டுப் பணம் வர, அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் கோடைக் கேட்டு வாங்கி, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் சேர்த்துத் தர வேண்டும்.

அதே திருமானூரிலிருந்து மொரீஷியஸில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள ஆப்பிரிக்க நாடு அது. பேங்க் ஆஃப் பரோடாவின் கோடு இந்தியாவில் ‘பிஏஆர்பி ஐஎன் பிபி’, மொரீஷியஸில் ‘பிஏஆர்பி எம்யூ எம்யூ’. வங்கிப் பெயர் ஒன்றே. நாட்டு எழுத்தைக் கவனிக்காவிட்டால் செய்தி மும்பைக்கே போய்விடும்.

மொரீஷியஸுக்கு ‘ஐபான்’ என்னும் 30 எழுத்து சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணும் வேண்டும். எம்யூவில் தொடங்கி, அந்நாட்டு ரூபாய்க் கணக்கானால் எம்யூஆரில் முடியும். அதன் மூன்றாம், நான்காம் இடத்து இலக்கங்கள் சோதனை எண்கள். ஓர் இலக்கம் தவறினாலும் கணினி பிடித்துவிடும். ஸ்விஃப்ட் கோடில் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அதை வாயால் கேட்டு எழுதக் கூடாது; பெறுபவரின் வங்கி எழுத்தில் தந்ததைப் பார்த்தே நிரப்ப வேண்டும்.

அனுப்புபவர் பான் எண்ணுடன் ஏ2 படிவம் தர வேண்டும். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி 2004இல் கொண்டுவந்த திட்டப்படி, தற்போது ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அனுப்பியதும் ‘ஸ்விஃப்ட் காப்பி’ கேட்டு வாங்கி வைப்பது நல்லது. பணம் இடையில் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட அந்தத் தாளில் உள்ள குறிப்பு எண்தான் கைகொடுக்கும்.