ஸ்டிரைக் - ஒரு சொல்லின் கதை



போன வாரம் தொழிற்சட்டம் பாடத்தில் "ஸ்டிரைக்" என்பதற்கான வரையறையை மனப்பாடம் செய்து கொண்டிருந்தேன். பாட்டி கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதைப் போய் புஸ்தகத்துல படிக்கிறியா? உங்க தாத்தா ரெண்டு மாசம் அதுல இருந்தாரு. வீட்ல கஞ்சிதான்" என்றார். அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

அகராதியைத் திறந்தால் முதல் பொருள் அடிப்பது, தாக்குவது. கடிகாரம் மணி அடித்தால் ஸ்டிரைக். மின்னல் தாக்கினால் ஸ்டிரைக். தீக்குச்சியை உரசினாலும் ஸ்டிரைக்தான். திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ஒரு பகுதியே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரால் இருக்கிறது, அதனால் அந்தப் பொருள் எங்களுக்குப் பழக்கம். ஆனால் வேலை செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்பது எப்படி "அடிப்பது" ஆகும்? அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லையே!

விடை துறைமுகத்தில் இருக்கிறது. கப்பலின் பாயையோ கொடியையோ கீழே இறக்குவதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைச்சொல்தான். 1768-ல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டார்கள். தங்கள் கோரிக்கைக்காகக் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். பாய் இல்லாவிட்டால் கப்பல் நகராது, சரக்கும் போகாது. பாயை இறக்குவது என்ற சொல் அப்படியே வேலையை நிறுத்துவது என்று ஆனது. ராயபுரத்தில் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இந்தச் சொல் நம் ஊரில் வேர் விட்டதும் வடசென்னையில்தான். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் மில் தொழிலாளர்களுக்கான சங்கம். தலைவர் பி.பி. வாடியா. திரு.வி.க.வும் முன்னணியில் இருந்தார்.

1920-ல் மில் நிர்வாகம் கதவடைப்பு செய்தது. அதோடு நிற்காமல், தொழிலாளர்களைத் தூண்டிவிட்டு ஒப்பந்தத்தை மீற வைத்தார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது. கடைசியில் ஏற்பட்ட சமரசத்தில் வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. கூலி கேட்கச் சொன்னவரிடமே நஷ்டஈடு கேட்கலாம் என்ற நிலை! சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் இதனால் வலுத்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டியதற்காகப் பதிவான சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்று அதன் 18-வது பிரிவு சொன்னது. நாங்கள் ரெண்டு மார்க் கேள்வியாகப் படித்த பிரிவு இது :-)

ஆனால் கதையில் ஒரு வலியும் இருக்கிறது. 1921-ல் மீண்டும் பெரிய ஸ்டிரைக் வந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் மோதல் வெடித்தது, குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாதக்கணக்கில் இழுத்து, அந்த ஸ்டிரைக் தோற்றது.

ஸ்டிரைக்கை மீறி வேலைக்குப் போகிறவரைக் கருங்காலி என்கிறோம். சொல்வது சுலபம். ஆனால் அடுத்த வேளைக்கு அரிசி இல்லாதவன், சேரியில் தள்ளி வைக்கப்பட்டவன், தன்னைத் தள்ளி வைத்தவர்களோடு எதை நம்பி வெளியே நிற்பான்? எல்லோரும் ஒரே கப்பலில் சமமாக இருந்தால்தானே சேர்ந்து பாயை இறக்க முடியும்?

1926 சட்டமும் 1947 தொழில் தகராறு சட்டமும் இப்போது இல்லை. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது. இனி 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்டிரைக் செய்ய முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் ஸ்டிரைக்தான்.

வரையறை மாறிவிட்டது, மறுபடியும் மனப்பாடம் செய்ய வேண்டும். பாட்டியின் வரையறை மட்டும் மாறவில்லை. ரெண்டு மாசம் கஞ்சி!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். கேட்டுப் பாருங்கள்.