டமுலிக்கா: ஒரு லத்தீன் பெயரடையின் ஆக்கமும் திரிபும்

1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் ‘கிரமாத்திக்கா டமுலிக்கா’ எனப் பெயர் பெற்றது. பெயரின் இரண்டாம் சொல், ‘தமிழ்’ என்பதிலிருந்து ஆக்கப்பட்ட லத்தீன் பெயரடை.

அதற்கு முன்பே போர்த்துக்கீசியர் இம்மொழியை இரு பெயர்களால் சுட்டினர். லிஸ்பனில் 1554-இல் அச்சான நூல் ‘தமுல்’ என்றது. கொல்லத்தில் 1578-இல் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ ‘மலபார் தமுல்’ என இரண்டையும் அடுக்கியது. மேலைக் கடற்கரையில் முதலில் இறங்கியவர்கள் அக்கரையின் பெயரைக் கீழைக்கரை மொழிக்கும் நீட்டினர்.

லத்தீனில் இப்பெயர்கள் ‘இக்குஸ்’ என்னும் விகுதி ஏற்றுப் பெயரடைகளாயின. அவ்விகுதி ஆண்பாலில் ‘இக்குஸ்’, பெண்பாலில் ‘இக்கா’, நடுப்பாலில் ‘இக்கும்’ என முடியும். தமிழில் பால் பொருள் நோக்கியது. ‘நல்ல’ என்னும் அடை எப்பெயர்முன்னும் மாறாது. லத்தீனிலோ பால் சொல்லுக்கு உரியது. தோட்டத்தைக் குறிக்கும் ‘ஹோர்த்துஸ்’ ஆண்பாற் சொல்லாதலின், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த தாவர நூல் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ ஆயிற்று. நூலகத்தைக் குறிக்கும் ‘பிப்லியோதேக்கா’ பெண்பாற் சொல். 1708-இல் சீகன்பால்கு தொகுத்த தமிழ்ச் சுவடிப் பட்டியல் ‘பிப்லியோதேக்கா மலபாரிக்கா’ எனப்பட்டது.

1708-இல் ‘மலபாரிக்கா’ என்றவரே 1716-இல் ‘டமுலிக்கா’ என்றார். ஆயினும் அவ்விலக்கணத்தின் நீண்ட தலைப்பு ‘லிங்குவா டமுலிக்கா சேயு மலபாரிக்கா’, அதாவது ‘தமிழ் அல்லது மலபார் மொழி’, என்கிறது. பேசுவோர் வழங்கும் பெயர் முன்னே நிற்க, ஐரோப்பியர் அறிந்த பெயர் அதற்கு விளக்கமாய்ப் பின்செல்கிறது. இவ்வரிசை தற்செயலாகத் தோன்றவில்லை.

1728-இல் பெஸ்கி எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. இயேசு சபைத் துறவியின் நூலை லுத்தரன் மிஷன் அச்சகமே வெளியிட்டது வியப்புக்குரியது. அதன் தலைப்பில் ‘தே வுல்காரி தமுலிக்கை லிங்குவை இடியோமாத்தே’ என்றொரு தொடர் உண்டு. தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபுபோல் தோன்றும் ‘ஐ’ இங்கு ஆறாம் வேற்றுமைப் பொருளில் வருகிறது: ‘தமிழ்மொழியினது’. பேச்சுவழக்கைக் குறிக்கும் ‘வுல்காரி’யும் ‘இடியோமாத்தே’யும் இரு முனைகளில் பிரிந்து நிற்க, ‘தமுலிக்கை லிங்குவை’ இடையே அமைகிறது. எவ்வடை எப்பெயர்க்கு உரியது என்பதைச் சொல்லின் இடம் காட்டவில்லை, ஈறே காட்டுகிறது. வுல்காரி வேறு திரிபு வகையைச் சார்ந்தது. அதனால் அதன் ஈறு பெயரின் ஈற்றோடு ஒலியில் ஒவ்வாவிடினும் பாலும் எண்ணும் வேற்றுமையும் ஒக்கின்றன.

முதலெழுத்தும் டகரத்திலிருந்து தகரமாயிற்று. ழகரம் மட்டும் லகரமாகவே நின்றது. பெஸ்கியின் தலைப்பில் ‘மலபாரிக்கா’ இடம்பெறவில்லை.