தாமிரபரணிக் கரையில் பீடி

பீடிக்கு வேண்டிய எதுவும் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் விளைவதில்லை. இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது; புகையிலைத் தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்தின் நிப்பாணிப் பக்கத்திலிருந்தும் வருகிறது. உள்ளூரில் கிடைத்தவை குறைந்த கூலிக்கு உழைக்கும் கைகள் மட்டுமே. சுதேசி இயக்கக் காலத்தில் அயல்நாட்டு சிகரெட்டைப் புறக்கணித்தவர்களால் நாடெங்கும் பீடிக்குச் சந்தை பெருகியது. திருநெல்வேலிச் சீமையில் அந்தத் தொழில் கால் ஊன்றுவதற்குத் தறியின் சரிவும் வானம் பார்த்த நிலமும் வழிவிட்டன. மேலப்பாளையத்தில் நெசவு நொடித்த வீடுகளுக்குள் பீடி நுழைந்தது. தாமிரபரணிப் பாசனம் எட்டாத ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரங்களில் விதைப்புக்கும் அறுப்புக்கும் இடைப்பட்ட வெறும் மாதங்களை அது நிரப்பியது. ஆற்றங்கரை ஊரான முக்கூடலின் பெயர் சொக்கலால் பீடியோடு சேர்ந்தே வெளியூர்களுக்குப் போயிற்று.

வேலைமுறை இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கம்பெனிக் கடையில் எடைபோட்டு வாங்கிய இலையை இரவு நனைத்துச் சாக்கில் சுற்றி வைப்பார்கள். பதமான இலையின் மேல் தகட்டு அச்சை வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு, சிட்டிகைத் தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி நூல் சுற்றுவார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. பீடிக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கும் பெண்ணுக்கு வரன் சீக்கிரம் அமையும் என்று இந்த ஊர்களில் சொல்வதுண்டு. புகைப்பவர் பெரும்பாலும் ஆண், சுற்றுபவர் பெரும்பாலும் பெண். ஒரே வீட்டில் இருவரும் இருப்பது அரிதன்று.

1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் உரிமம், வேலை நேரம், விடுப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. மங்களூர் முதலாளிகள் சிலர் அதை ஏற்காமல் வட கேரளத்துப் பட்டறைகளை மூடியதன் விளைவாக 1969இல் கண்ணூரில் தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. நெல்லையிலோ வீட்டுமுறையே வேரோடியது. சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. 1976இல் நலவரியும் நலநிதியும் வந்தன; 1977இல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் விரிந்தது; வீட்டிலிருந்து சுற்றுவோரும் அதற்கு உரியவர்களே என்று 1985இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. முக்கூடலில் பீடித் தொழிலாளர் மருத்துவமனை எழுந்தது இந்த நலநிதி ஏற்பாட்டின் வழியே. கூலியும் சேமிப்பும் சட்டத்தின் கண்ணில் பட்டன. தூள் மட்டும் வீட்டை விட்டு வெளியேறவே இல்லை.

பீடியின் தீங்கு என்றால் வாயும் நுரையீரலுமே பேசப்படும். சிறுநீர்ப்பையை நினைப்பவர் குறைவு. ஆனால் அந்த உறுப்பின் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கமே முதன்மைக் காரணம். 1895இல் பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் சாயத் தொழிலாளர்களிடம் இந்நோயைக் கண்டார். பின்னர் அதற்குக் காரணமாக அடையாளம் காணப்பட்ட அரோமாட்டிக் அமீன்கள் புகையிலைப் புகையிலும் உண்டு. நுண்துளையற்ற பீடி இலை விரைவில் அணைந்துவிடுவதால் அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சிகரெட்டுக்கு இழுப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலக்கும் அமீன்கள் கல்லீரலில் உருமாறிச் சிறுநீரில் சேர்கின்றன. மணிக்கணக்கில் சிறுநீர் தேங்கும் பையின் உட்சுவர்தான் அவற்றை நெடுநேரம் தாங்குகிறது.

அங்கே இரு வகைச் சேதம் நேர்கிறது. முதலாவது மரபணுவின் எழுத்தே மாறிப்போவது. மற்றது எபிஜெனெடிக்ஸ் ஆராய்வது: எழுத்து அப்படியே இருக்க, எந்த மரபணு வேலை செய்யும், எது வாய்மூடும் என்பதைத் தீர்மானிக்கும் குறிகள் இடம்மாறுவது. செல் பெருக்கத்தைத் தடுக்கும் p16, RASSF1A போன்ற காவல் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மெத்தில் குழுக்கள் என்ற வேதிக் குறிகள் குவிந்தால் அவை அடங்கிவிடுகின்றன. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் இதே கதைதான். EZH2 என்ற நொதி அங்கே ஓர் அடக்குக் குறியைப் பதிக்கிறது. KDM6A அதைத் துடைக்கிறது. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் துடைக்கும் மரபணு அடிக்கடி பழுதாகிறது. பதிப்பதன் கை ஓங்கி, செல்கள் முதிர்ச்சியடையாமல் பெருகுகின்றன. தசைக்குள் ஊடுருவிய 131 கட்டிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு ஆய்வு, டி.என்.ஏ.வும் ஹிஸ்டோனும் சேர்ந்த குரோமாட்டினை ஆளும் மரபணுக்கள் அதுவரை ஆராயப்பட்ட எந்தப் பரவலான புற்றுநோயையும்விட இதில் கூடுதலாகப் பழுதாகியிருப்பதைக் காட்டியது.

நோயாளிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குக் கட்டி முதலில் தசையைத் தொடாமல் மேலோட்டமாகவே இருக்கும். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். சிலருக்கு உள்ளே இறங்கும். கட்டி ஆழமாக இறங்க இறங்க மெத்தில் குறிகள் குவிவதும் கூடுகிறது. உதிரும் செல்கள் சிறுநீரோடு வெளியேறுவதால் அதிலேயே அக்குறிகளைத் தேடும் சோதனைகள் உருவாகியுள்ளன. நோய் பெரும்பாலும் வலியின்றி வரும் இரத்தச் சிறுநீராகவே தலைகாட்டும். வலியில்லை என்று தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய இடர்.

எழுத்துப் பிழையைப்போல் அல்லாமல் குறிகள் திரும்பவும் மாறக்கூடியவை. புகைப்பவர்களின் இரத்தத்தில் AHRR என்ற மரபணுவின் மெத்தில் அளவு குறைந்திருக்கும். பழக்கத்தை விட்ட பின் அது ஆண்டுக்கணக்கில் மெல்ல ஏறுகிறது. சுற்றும் பெண்களின் நிலை வேறு. மும்பையில் ரஜனி பீசே குழுவினர் புகைக்காத பீடித் தொழிலாளர்களின் சிறுநீரிலேயே நிகோட்டின் சிதைவுப் பொருளைக் கண்டார்கள். தோலும் மூச்சும் அதன் வழிகள். இதைக் கொண்டே அவர்களுக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லிவிட முடியாது. தூள் உடம்புக்குள் போகிறது என்பது மட்டும் உறுதி.

இவர்களின் மருத்துவத்துக்குப் பணம் வரும் வழியும் மாறியது. 2017இல் ஜி.எஸ்.டி. பீடிக்கு 28 விழுக்காடாக வந்தது. அதோடு, 1976இல் வந்து மருத்துவமனைகளுக்கும் கல்வி உதவிக்கும் போன நலவரி நின்றது. அந்தச் செலவை மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் ஏற்றது.