பின்வாசல் சாவி

போன மாசம் வில்லாபுரத்துல இருந்து அப்பா போன் பண்ணினார். "நான் அவசரமா பணம் கேட்டேன்னு உன் சித்தப்பா பத்தாயிரம் அனுப்பிட்டானாம்டா. நான் எங்க கேட்டேன்?" அப்பாவோட மெயிலுக்குள்ள எவனோ புகுந்திருக்கான். உடனே 1930-க்குச் சொல்லிப் புகார் கொடுத்தாச்சு. ஆனா அக்கவுண்ட்டை மீட்கிறதுதான் பெரும்பாடு. அதுக்கப்புறம்தான் இந்த விஷயத்தோட வரலாற்றைப் புரட்டினேன் மக்களே.

கம்ப்யூட்டர்ல பாஸ்வேர்டு வந்தது 1960-களின் தொடக்கத்துல. அமெரிக்காவுல எம்.ஐ.டி.யில ஒரே மெஷினைப் பலர் பயன்படுத்தினதால, ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழு இந்தப் பூட்டைப் போட்டுச்சு. 1962-லயே ஆலன் ஷெர்ங்கிற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கின நேரம் பத்தலைன்னு, எல்லாரோட பாஸ்வேர்டையும் பிரிண்ட் எடுத்துட்டார் :-) 1979-ல ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும், பாஸ்வேர்டை அப்படியே வைக்காம 'உப்பு' சேர்த்து உருமாத்தி வைக்கிற முறையை விளக்கி எழுதினாங்க.

முன்வாசல் இப்படிப் பலமாச்சு. ஆனா பாஸ்வேர்டை மறந்தவங்களுக்குன்னு பின்வாசல் ஒண்ணு வேணுமே? அதுதான் ரகசியக் கேள்வி. 2008 செப்டம்பர்ல அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினோட யாஹூ மெயிலை ஒரு கல்லூரி மாணவர் திறந்தது இந்த வழியாத்தான். பதிலெல்லாம் நெட்லயே கிடைச்சுது. பிடிச்ச சாப்பாடு எதுங்கிற கேள்விக்கு, ஆங்கிலம் பேசுறவங்களோட பதிலை முதல் ஊகத்துலயே பிடிக்க 19.7 சதவீதம் வாய்ப்புன்னு 2015-ல கூகுள் ஆய்வு சொல்லுச்சு. நம்ம ஊர்ல இன்னும் சுலபம். பூர்வீகம், தாத்தா பேரு எல்லாம் கல்யாணப் பத்திரிகையிலயே இருக்கே!

அப்புறம் அந்த இடத்துக்கு ஓடிபி வந்துச்சு. அப்பா கொடுத்திருந்ததோ ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய நம்பர். இப்படி விட்ட நம்பரைக் குறைஞ்சது 90 நாள் கழிச்சு வேற ஆளுக்குக் கொடுக்கலாம்னு 2023-ல டிராய் சுப்ரீம் கோர்ட்ல சொல்லியிருக்கு. எல்லா இடத்துலயும் ஒரே பாஸ்வேர்டு வச்சிருந்ததால திருடனுக்குக் கதவு திறந்துச்சு. வீட்டுக்காரருக்குத் திறக்கல.

சென்னையில இருந்து ரெண்டு ராத்திரி முயற்சி பண்ணேன், நடக்கல. சனிக்கிழமை ஊருக்குப் போய், அப்பா வழக்கமா உட்கார்ற பழைய கம்ப்யூட்டர்லயே, அவருக்கு ஞாபகம் இருந்த பழைய பாஸ்வேர்டைப் போட்டேன். திறந்துச்சு! பழகின மெஷின், பழகின இடம்ங்கிறதும் ஒரு அடையாளம்தான்.

உள்ள போனா, வர்ற மெயிலெல்லாம் வேற முகவரிக்கும் போற மாதிரி திருடன் செட் பண்ணியிருந்தான். பாஸ்வேர்டை மட்டும் மாத்தியிருந்தா இது தெரிஞ்சே இருக்காது. அதை நீக்கி, மத்த லாகின் எல்லாத்தையும் வெளியேத்தி, புது நம்பர் கொடுத்து, ரெண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டேன். அவசரக் கோடுகளை பேப்பர்ல எழுதி, பீரோவுல ரேஷன் கார்டோட வச்சாச்சு.

பணம் இன்னும் வரல. "சித்தப்பா மூஞ்சில எப்படிடா முழிப்பேன்?"னு அப்பா கேட்டதுக்கு என்கிட்ட பதிலும் இல்ல.

உங்க வீட்டுப் பெரியவங்க மெயில்ல எந்த நம்பர் இருக்குன்னு இன்னைக்கே பாத்துடுங்க.